6305: ஜாவாவின் வயிற்றுக்குள் ஒரு நாலு இலக்க எண்

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பிரித்துக் கட்டுகிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: கிராங்குக்கு எந்த பேரிங் போடுறது? மைசூர் ஜாவா 250 வைத்திருக்கிறவர்கள் நாலு பேரைக் கேட்டால் மூணு பதில் கிடைக்கும். "பழைய செக் பேரிங் பொட்டி பிரிக்காம கிடைச்சா விடாதீங்க" என்பார் ஒருவர். "சி3 போடுங்க, வேற எதுவும் வேணாம்" என்பார் இன்னொருவர். "6305தானே, எது கிடைக்குதோ போடுங்க" என்பார் மூணாவது ஆள். மாமாவின் ஜாவா என் கைக்கு வந்தபோது இந்த மூணையும் கேட்டேன். எது சரி என்று தேடப்போனதில் மெக்கானிக் ஷாப்பிலிருந்து ஸ்வைன்ஃபர்ட் வரைக்கும் போய்விட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில், டூ-ஸ்ட்ரோக்குக்கு ஏன் குண்டு பேரிங்? காரில் இருக்கிற மாதிரி ஒரு ஆயில் பம்ப் வைத்து, அழுத்தத்தில் எண்ணெயை ஓட்டி, கிராங்கை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க விடலாமே? விட முடியாது. காரணம் 1891இல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் இருக்கிறது. ஜோசப் டே என்பவர் அங்கே ஒரு இன்ஜின் செய்தார். அதில் கிராங்க் கேஸையே காற்றடிக்கும் பம்ப்பாக மாற்றினார். பிஸ்டன் மேலே போனால் கிராங்க் கேஸ் கலவையை உள்ளிழுக்கும், கீழே வந்தால் அதை அமுக்கி சிலிண்டருக்குத் தள்ளும். அவரிடம் வேலை பார்த்த ஃபிரெடெரிக் காக், பிஸ்டனின் பாவாடைப் பகுதியே துவாரங்களைத் திறந்து மூடும்படி அமைத்து, மிச்சமிருந்த வால்வையும் ஒழித்தார். இன்று ரோட்டில் நாம் பார்த்து வளர்ந்த அத்தனை டூ-ஸ்ட்ரோக்கும் இந்த இரண்டு பேரின் யோசனைதான்.

கிராங்க் கேஸ் வழியாகப் பெட்ரோல் புகை போய்க்கொண்டிருக்கும்போது அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாதில்லையா? அதனால் பெட்ரோலிலேயே கொஞ்சம் ஆயிலைக் கலந்து, போகிற போக்கில் படிகிற ஈரத்தை வைத்தே பேரிங்குகள் பிழைக்க வேண்டும். அந்தப் பட்டினிச் சாப்பாட்டில் உயிர் வாழ்வது உருளும் பேரிங் மட்டும்தான். குண்டோ உருளையோ உருண்டு போவதற்குத் துளி எண்ணெய் போதும். வழுக்கிப் போகிற புஷ் பேரிங்குக்குப் போதாது.

ஆக டூ-ஸ்ட்ரோக்கின் கதை குண்டு பேரிங்கின் கதையோடு பின்னியது. குண்டு பேரிங்கின் கதையோ சைக்கிளில் ஆரம்பிக்கிறது. பாரிஸில் சைக்கிள் மெக்கானிக்காக இருந்த ஜூல் சுரிரே 1869இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் நூறு குண்டு செய்தால் நூறும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய குண்டு ஒன்றே மொத்தச் சுமையையும் வாங்கி உடையும். அந்தச் சிக்கலை அவிழ்த்தது ஜெர்மனியின் ஸ்வைன்ஃபர்ட். 1883இல் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் அங்கே எஃகுக் குண்டுகளை ஒரே அளவில், முழு வட்டமாக அரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். நூற்றாண்டு திரும்புகிற சமயத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் பெர்லின் பக்கத்தில் குண்டுகளை அமுக்கி அமுக்கிப் பார்த்து, எந்த வளைவுள்ள பள்ளம் எவ்வளவு சுமை தாங்கும் என்று அளந்து எழுதினார்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ராபர்ட் கான்ராட் 1903இல் காப்புரிமை வாங்கிய விஷயம். ஆழமான பள்ளத்தில் குண்டுகளை எப்படி உள்ளே போடுவது? முன்பெல்லாம் வளையத்தில் ஒரு வெட்டு விட்டு, அதன் வழியாகக் குண்டைத் திணிப்பார்கள். அந்த வெட்டுதான் பலவீனம். கான்ராட் உள் வளையத்தை ஒரு ஓரமாகத் தள்ளினார். மறு பக்கம் பிறை நிலா மாதிரி ஒரு இடைவெளி கிடைத்தது. குண்டுகளை அதில் போட்டு, வளையத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, குண்டுகளைச் சமமாகப் பரப்பி, ஒரு கூண்டு வைத்து ரிவெட் அடித்தார். முடிந்தது. இன்றைக்கு உங்கள் கையிலிருக்கும் பேரிங்கும் அப்படித்தான் கோக்கப்படுகிறது. 120 வருடமாக அடிப்படை மாறாத பொருள் ஒரு மோட்டார் சைக்கிளில் வேறு எத்தனை இருக்கும், யோசித்துப் பாருங்க.

அடுத்தது எண். 1907இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில், ஒரு நெசவு ஆலையின் என்ஜினியராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட் எஸ்.கே.எஃப். கம்பெனியைத் தொடங்கினார். ஆலைக் கட்டடம் களிமண் தரையில் அமர்ந்துகொண்டே போனதால் ஷாஃப்டுகள் கோணிக்கொண்டு பேரிங்குகள் செத்துக்கொண்டிருந்தன. அதற்கு மருந்தாக அவர் செய்ததுதான் தானே நேராகிக்கொள்ளும் பேரிங். ஐரோப்பாவில் பேரிங் செய்கிறவர்கள் பெருகப் பெருக, வெளி அளவுகளையாவது எல்லோரும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்ற உடன்பாடு படிப்படியாக வந்தது. பின்னாளில் அது ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது.

6305 என்பதை இப்படிப் படிக்க வேண்டும். 6 என்றால் ஒற்றை வரிசை ஆழப்பள்ளக் குண்டு பேரிங், அதாவது கான்ராடின் பிள்ளை. 3 என்றால் நடுத்தர உடம்பு. 05ஐ ஐந்தால் பெருக்கினால் 25, அதுதான் உள் துவாரம் மில்லிமீட்டரில். (இந்த ஐந்து வாய்ப்பாடு 04இலிருந்துதான் செல்லும். 00 முதல் 03 வரை 10, 12, 15, 17 என்று தனிக்கணக்கு.) வெளி விட்டம் 62, அகலம் 17. அதே 25 மில்லி ஷாஃப்டுக்கு ஒல்லியான ஆள் வேண்டுமென்றால் 6205, அதற்கு 52க்கு 15. குண்டான ஆள் 6405, 80க்கு 21. எந்த நாட்டில், எந்த மொழி பேசுகிற தொழிற்சாலையில் செய்தாலும் 6305 என்றால் 25, 62, 17தான்.

இந்தப் பொருள் எவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதற்கு இரண்டாம் உலகப்போர் சாட்சி. 1943 ஆகஸ்ட் 17இல் அமெரிக்க விமானப்படை ஸ்வைன்ஃபர்ட் பேரிங் ஆலைகளையும் ரீகன்ஸ்பர்க் விமான ஆலையையும் ஒரே நாளில் தாக்கி 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தது. அக்டோபர் 14இல் மறுபடி ஸ்வைன்ஃபர்ட். மறுபடி 60. ஒரு விமானத்தில் பத்துப் பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் பிரிட்டனும் பேரிங்குக்குத் தவித்தது. நடுநிலை நாடான சுவீடனிலிருந்து பேரிங்குகளைத் தூக்கி வர மொஸ்கிட்டோ விமானங்கள் ஸ்காட்லாந்திலிருந்து இரவில் பறந்தன. அதே சுவீடன் ஜெர்மனிக்கும் பேரிங் விற்றுக்கொண்டிருந்தது. வியாபாரம்!

நம் ஜாவாவும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1929இல் ஃபிரான்டிஷெக் யானெச்செக் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடம் உரிமம் வாங்கி ப்ராக்கில் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தார். யானெச்செக்கின் 'ஜா', வாண்டரரின் 'வா', இரண்டும் சேர்ந்து ஜாவா. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது தொழிற்சாலை அவர்களுக்கு வேலை செய்தது. ஆனால் என்ஜினியர்கள் ரகசியமாக ஒரு 250 சிசி டூ-ஸ்ட்ரோக்கை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 1946இல் பாரிஸ் கண்காட்சியில் அது வெளியே வந்தது, பெயர் பெராக். 65 மில்லி பிஸ்டன், 75 மில்லி ஓட்டம், ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். 1954இல் அதன் வாரிசாக 353 வந்தது. கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்ற அந்த வினோதத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த இன்ஜின்தான் மைசூருக்கு வந்தது. ரஸ்டம் இரானியும் ஃபரூக் இரானியும் 1960இல் தொடங்கிய ஐடியல் ஜாவா, யாதவகிரியில் தொழிற்சாலை போட்டு, 1961 முதல் வண்டி விட்டது. 1973இல் யெஸ்டி என்று பெயர் மாறியது, 1996இல் கதவு சாத்தியது. ஏறத்தாழ அதே வருடங்களில் இந்தியாவில் பேரிங் தொழிலும் வேர் விட்டது. ஜெய்ப்பூரில் என்.பி.சி. 1946இலேயே ஆரம்பித்திருந்தது. எஸ்.கே.எஃப். 1961இல் இங்கே கம்பெனி போட்டு புனே பக்கம் ஆலை கட்டியது, எஃப்.ஏ.ஜி. 1962இல் வந்து பரோடாவில் நின்றது. அந்நியச் செலாவணிக்கு அல்லாடிய நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

இப்போது யோசியுங்கள். யாதவகிரி ஆலை மூடி முப்பது வருடம் ஆகப்போகிறது. பிஸ்டன், கேஸ்கெட், கியர் எல்லாவற்றுக்கும் நாம் அலைகிறோம். கனெக்டிங் ராடு கிட் என்று கடையில் கொடுப்பது எந்தப் பட்டறையில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. பேரிங் மட்டும் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. மிக்ஸிக்கும் மோட்டார் பம்ப்புக்கும் வாங்குகிற அதே கடை. ஜாவாக்காரர்கள் தங்கள் வண்டிக்கென்று தனி அளவில் பேரிங் செய்யாமல் பொது அளவை எடுத்துக்கொண்டதால்தான் இது.

ஆனால் 'எது கிடைக்குதோ போடுங்க' என்ற மூணாவது ஆளோடு எனக்கு உடன்பாடில்லை. நாலு இலக்கம் சொல்வது வெளி அளவை மட்டும்தான். உள்ளே என்ன நடக்கிறது என்பதை எண்ணுக்குப் பின்னால் வருகிற எழுத்து சொல்லும்.

சி3 விஷயத்துக்கு வருவோம். கவுண்டரில் இதைத் திருப்பிக் கொடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். "மூணாம் தரமாண்ணே இது?" என்று கேட்டார் ஒரு தம்பி. தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே விட்டிருக்கும் ஆட்டத்தின் அளவு அது. 25 மில்லி துவாரமுள்ள பேரிங்கில் சாதாரண ரகத்துக்கு ஆட்டம் 5 முதல் 20 மைக்ரான், சி3க்கு 13 முதல் 28, சி4க்கு 23 முதல் 41. சாதாரண ரகத்தில் எண்ணுக்குப் பின்னால் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும் அதைத்தான், ஏனென்றால் பம்ப் செட்டுக்கு அது போதும்.

கிராங்கில் என்ன ஆகிறது பாருங்கள். உள் வளையத்தை ஷாஃப்டில் இறுக்கி ஏற்றுகிறோம். ஷாஃப்ட் 10 மைக்ரான் பெரிதாக இருந்தால், அதில் சுமார் முக்கால் பங்கு, ஏழெட்டு மைக்ரான், வளையத்தின் பள்ளம் வரைக்கும் விரியும். அவ்வளவு ஆட்டம் போச்சு. அப்புறம் சூடு. கிராங்க் பக்கமிருந்து உள் வளையம் சூடாகிறது. வெளி வளையமோ காற்று படுகிற அலுமினியக் கேஸில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், இன்னொரு எட்டு மைக்ரான் போச்சு. மொத்தம் பதினைந்து. சாதாரண பேரிங்கின் 5 முதல் 20 என்ற ஆட்டத்தில் பதினைந்தைக் கழித்தால், நல்ல அதிர்ஷ்டமிருந்தால் 5 மிஞ்சும், இல்லாவிட்டால் குண்டுகள் நெரிபடும். நெரிபட்டால் சூடு, சூட்டில் இன்னும் நெரிசல். சி3 என்றால் மோசமான நிலையிலும் கிட்டத்தட்ட பூஜ்யம், பொதுவாக ஐந்தாறு மைக்ரான் மிச்சம். இந்த எண்களில் ஷாஃப்ட் இறுக்கமும் வெப்ப வித்தியாசமும் நான் எடுத்துக்கொண்ட உத்தேசம்தான், ஆனால் கணக்கு போகிற திசை இதுதான். தவிர, ஜாவாவின் கிராங்க் துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. எவ்வளவு நேராக்கினாலும் நூலிழை கோணல் இருக்கும். கொஞ்சம் ஆட்டமுள்ள பேரிங் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

அப்படியானால் சி4 இன்னும் நல்லதா? கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தன் சில இன்ஜின்களுக்கு அதைத்தான் கேட்டது. அங்கே இறுக்கமும் சூடும் அதற்கேற்ப வைக்கப்பட்டவை. ஜாவாவில் அதைப் போட்டால் இன்ஜின் கொஞ்சம் கடகடக்கும், சுமை குறைவான குண்டுகளில் விழும். என் முடிவு சி3, இரண்டாவது ஆள் சொன்னது சரி.

முதல் ஆளிடம் வருவோம், 'பழைய செக் பேரிங்'. இசட்.கே.எல். என்று முத்திரை போட்ட, எண்ணெய்க் காகிதம் சுற்றிய, அறுபதுகளின் பெட்டி. அதைக் கையில் வாங்கும்போது வருகிற சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை, அலமாரியில் ஒன்று வைத்திருக்கிறேன். இன்ஜினில் போட மாட்டேன். பேரிங் எஃகின் சேர்மானம், ஒரு சதம் கார்பன், ஒன்றரை சதம் குரோமியம், நூறு வருடத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது. மாறியது அதன் சுத்தம். உருக்கிய எஃகை வெற்றிடத்தில் வைத்து வாயுவை உறிஞ்சும் முறை அறுபதுகளிலிருந்து பரவியது. எஃகுக்குள் சிக்கிய மாசுத் துகள்தான் குண்டின் முகத்தில் முதல் விரிசலைத் தொடங்கி வைக்கும். துகள் குறைந்ததால் ஆயுள் கூடியது. அதோடு, அறுபது வருடம் பரணில் கிடந்த பேரிங்கின் பாதுகாப்புக் கிரீஸ் காய்ந்திருக்கும், குண்டு தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஊசிமுனைத் துரு இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. நாலாயிரம் சுற்றில் காதுக்குத் தெரியும்.

ஆயுள் கணக்கும் ஒன்று போட்டுப் பார்க்கலாம். பால்ம்கிரென், லுண்ட்பெரி என்ற இரண்டு சுவீடன்காரர்கள் 1947இல் நிறுவிய சூத்திரம், குண்டு பேரிங்குக்குச் சுமை பாதியானால் ஆயுள் எட்டு மடங்கு என்கிறது. இன்றைய நல்ல 6305இன் தாங்குதிறன் சுமார் 23 கிலோ நியூட்டன். சராசரிச் சுமை 3 கிலோ நியூட்டன் என்று தாராளமாகவே வைத்தாலும் 45 கோடிச் சுற்றுக்கு மேல் வருகிறது. நிமிடத்துக்கு 4000 சுற்று என்றால் ஏறக்குறைய 1900 மணி நேரம், மணிக்கு 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ 95,000 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் சாப்பிட ஓட்டுகிற வண்டிக்கு இது வாழ்நாள் போதும். ஆக சுமையால் தேய்ந்து சாகிற ஜாவா பேரிங் அபூர்வம். துரு, தூசி, தப்பான ஆட்டம், தப்பாகத் தட்டி ஏற்றியது, இவைதான் கொல்கின்றன. அதிலும் துரு. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் வடிந்து, குண்டு வெறுமனே நிற்கும். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது.

கூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பேரிங்கில் தகடு அடித்த எஃகுக் கூண்டு இருக்கும். இப்போது பல ரகங்களில் கண்ணாடி இழை கலந்த நைலான் கூண்டு வருகிறது, சத்தம் குறைவு, ஆனால் 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை வரும். நான் எஃகுக் கூண்டே கேட்டு வாங்கினேன். நாலு-ஸ்ட்ரோக்கில் கூண்டு உடைந்தால் துண்டு கீழே ஆயில் தொட்டியில் விழும். டூ-ஸ்ட்ரோக்கில் டேயின் புண்ணியத்தால் கிராங்க் கேஸ்தான் பம்ப், அது துண்டைத் தூக்கி நேரே சிலிண்டருக்குள் போடும். பிஸ்டனும் போகும், சிலிண்டரும் போகும்.

இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட பேரிங்கை, 'தூசி போகாது சார்' என்று நீட்டுவார்கள். வேண்டாம். கலவையின் ஈரம் உள்ளே போக வேண்டிய இடத்தில் மூடி எதற்கு? உள்ளிருக்கும் கிரீஸையும் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடும். வேறு வழியில்லையென்றால் மூடியை நெம்பி எடுத்து, கிரீஸைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் போடலாம்.

போலிகள் தனிக் கதை. ஒரு பெரிய ஊரில், பெயர் வேண்டாம், பிரபல முத்திரையோடு பாதி விலைக்கு எனக்கு ஒரு ஜோடி கொடுத்தார்கள். பெட்டி அச்சு அசல். வெர்னியர் வைத்துப் பார்த்தால் அளவும் சரி. பக்கத்தில் ஒரு நல்ல பேரிங்கை வைத்து இரண்டையும் சுற்றி விட்டபோதுதான் வித்தியாசம் கேட்டது: ஒன்று மௌனமாகச் சுற்றி நின்றது, மற்றது மணல் அரைத்தது. பழைய பேரிங்கைப் பாலிஷ் போட்டுப் புது எண் அடிப்பதும் உண்டு. அங்கீகாரம் பெற்ற டீலர் பில்லோடு கொடுப்பதை வாங்குங்கள், இரண்டு பேரிங்குக்கு மிச்சமாகும் காசு ஒரு கிராங்க் கேஸ் விலையில் தூசி.

கேஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, உண்மையான ஆபத்து அங்கேதான். அலுமினியம் எஃகைப் போல கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். 62 மில்லிக் குழி 80 டிகிரி சூடேறினால் சுமார் 114 மைக்ரான் பெரிதாகும், எஃகு வளையம் 60தான். அதாவது ஓடுகிற வண்டியில் பிடி ஐம்பது மைக்ரானுக்கு மேல் தளர்கிறது. குளிரில் நன்றாக இறுக்கமாக இருந்தால்தான் சூட்டில் வெளி வளையம் சுற்றாமல் நிற்கும். குழி ஏற்கெனவே தேய்ந்திருந்தால் என்ன நல்ல பேரிங் போட்டும் பயனில்லை. குழியின் சுவரில் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்குகிற பழக்கம் நம்மூரில் உண்டு. சில நூறு கிலோமீட்டருக்கு நிற்கும், அப்புறம் அந்தப் புள்ளிகள் மழுங்கி முன்னைவிட லூஸ் ஆகும். குழியைப் பெரிதாக்கி ஸ்லீவ் அடித்து மறுபடி 62க்குக் கடைவதுதான் வழி. நல்ல லேத்காரர் வேண்டும்.

ஏற்றும்போதும் அதே விரிவைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கேஸை அவனில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கினால் பேரிங் தன் எடையிலேயே உள்ளே விழும். வெளி வளையம் கேஸில் போகும்போது வெளி வளையத்தை மட்டும் தள்ள வேண்டும், ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும். மாற்றித் தட்டினால் அடி முழுக்கக் குண்டு வழியாகப் போய்ப் பள்ளத்தில் வடு விழும். எனக்குக் கட்டிக் கொடுத்த அண்ணன் சுத்தியலையே எடுக்கவில்லை. கேஸை வெளியே எடுத்து, துளி எச்சில் தொட்டு 'சுர்' என்றதும், "இப்ப விடு தம்பி" என்றார். விட்டேன். 'டக்' என்று போய் உட்கார்ந்தது.

இப்போது வண்டி 25க்கு 1 கலவையில் ஓடுகிறது. முதல் 500 கிலோமீட்டருக்கு 20க்கு 1 ஊற்றினேன், புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். அடுத்து கனெக்டிங் ராடின் பெரிய முனை. அதற்குப் பொது எண் எதுவும் கிடையாது, அதைத் தேடுகிற வேலை இன்னும் நடக்கிறது.